எல்லை தாண்டிய கல்யாணம்

2014 ஜூன் மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அம்மா படுத்திருந்தாள். பித்தப்பையில் கல். என்னைப் பார்க்க ஊரிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வலி தாங்காமல் "அத்தான்... அத்தான்..." என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டார்.

"கணவரைக் கூப்பிடுகிறார்" என்றேன்.

நர்ஸ் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, படிவத்தில் 'ஸ்பௌஸ்' என்றிருந்த கட்டத்தில் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். கல்யாணச் சான்றிதழ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன காட்டியிருப்போம்? 1983இல் சாத்தூரில் நடந்த கல்யாணம். எங்களிடம் இருப்பதெல்லாம் மஞ்சள் காய்ந்துபோன ஒரு பத்திரிகையும் கருப்பு வெள்ளை ஆல்பம் ஒன்றும்தான்.

நான் நர்ஸிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. அத்தான் என்றால் கணவர் மட்டுமா? அத்தை மகனும் அத்தான்தான். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி, அம்மாவின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. நம் ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. முறைப்பையன், முறைப்பெண். சொத்து வெளியே போகாது, பொண்ணு கண் முன்னாடியே இருக்கும் என்று பெரியவர்கள் முடித்துவைத்த கல்யாணம்.

சில மாதம் கழித்து ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். எதிரே இருந்த அமெரிக்க நண்பர் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டார். "இங்கே அது சட்டப்படி முடியாது, தெரியுமா?" என்றார்.

அன்றிரவு தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒஹாயோவில் கல்யாணம் செய்துகொள்ளும் இருவரும் குறைந்தபட்சம் இரண்டாம் வட்டத்துச் சொந்தமாக இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் மணக்க முடியாது. என் அம்மாவும் அப்பாவும் அந்த ஊரில் கல்யாணம் செய்துகொள்ளப் போயிருந்தால் லைசென்ஸ் கொடுக்காமல் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் அதே ஒஹாயோ அவர்களைக் கணவன் மனைவி என்று ஒத்துக்கொண்டது. தெரியாமல் நடந்த தவறும் இல்லை அது. 1958இல் மஸ்ஸோலினி என்ற வழக்கில் ஒஹாயோவின் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்திருக்கிறது. மாசசூசெட்ஸில் மணந்துகொண்ட, உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளான ஒரு தம்பதியின் கல்யாணம் ஒஹாயோவிலும் செல்லும் என்றது தீர்ப்பு. கல்யாணம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ச் சட்டப்படி சரியாக நடந்திருந்தால் இங்கேயும் சரி. 'நாங்கள் செய்துவைக்க மாட்டோம். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லவும் மாட்டோம்.'

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

அம்மா அந்தக் கட்டிலில் படுத்திருந்ததற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால், அதே மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தில், ஜான் ஆர்தர் என்பவர் படுக்கையில் கிடந்தார். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய். 2011இல் கண்டுபிடித்தார்கள். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், குணப்படுத்த மருந்து கிடையாது. அவரைப் பார்த்துக்கொண்டவர் ஜிம் ஓபர்கெஃபெல். இருவரும் இருபது வருடத்துக்கு மேலாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

2013 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விண்ட்சர் வழக்கில் தீர்ப்பளித்தது. எடித் விண்ட்சர், தியா ஸ்பையர் என்ற இரு பெண்கள் 2007இல் கனடாவில் மணந்துகொண்டவர்கள். 2009இல் ஸ்பையர் இறந்ததும், கணவன் மனைவியாக இருந்தால் கட்ட வேண்டியிராத 3,63,053 டாலர் வரியை விண்ட்சர் கட்ட வேண்டிவந்தது. திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று 1996இல் வந்த மத்தியச் சட்டமே காரணம். அந்தப் பிரிவு செல்லாது என்றது நீதிமன்றம். இனி மத்திய அரசு தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க வேண்டும். ஆனால் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தில் நடந்த தன்பாலினத் திருமணத்தை ஏற்க வேண்டியதில்லை என்ற பிரிவு அதே சட்டத்தில் அப்படியே தங்கிவிட்டது.

தீர்ப்பு வந்த அன்றே இவர்கள் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். ஒஹாயோவில் முடியாது. 2004இல் மக்கள் வாக்களித்து, மாநில அரசியல் சாசனத்திலேயே தடையை எழுதிவைத்திருந்தார்கள். மேரிலாண்டில் முடியும். ஆனால் ஜானால் எழுந்து உட்காரவே முடியாது. சொந்தக்காரர்களும் நண்பர்களும் பணம் போட்டு, மருத்துவ வசதியுள்ள சிறிய விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். 2013 ஜூலை 11, பால்டிமோர் விமான நிலையம். விமானம் ஓடுதளத்தில் ஓரமாக நின்றது. ஜானை இறக்கவில்லை. அவருடைய அத்தை கல்யாணத்தை நடத்திவைத்தார். சில நிமிடங்கள். பிறகு அதே விமானத்தில் வீடு திரும்பினார்கள்.

மேரிலாண்டில் அவர்கள் தம்பதி. விமானம் ஒஹாயோவின் எல்லைக்குள் நுழைந்ததும், சட்டத்தின் கண்ணில், ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பேர்.

சில நாளில் அல் கெர்ஹார்ட்ஸ்டைன் என்ற வழக்கறிஞர் அவர்களைப் பார்க்க வந்தார். வெற்று இறப்புச் சான்றிதழ்ப் படிவம் ஒன்றைக் காட்டினார். ஜான் இறந்த பிறகு 'மணமானவரா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவார்கள், 'உயிருடன் இருக்கும் துணை' என்ற கட்டம் காலியாக இருக்கும், இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவர்கள் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. கல்லறைச் சிக்கலும் இருந்தது. ஜானின் குடும்பக் கல்லறையில் வாரிசுகளுக்கும் மணத்துணைக்கும் மட்டும்தான் இடம்.

ஒரு கட்டத்துக்காக வழக்குப் போட்டார்கள். ஜூலை 22 அன்று நீதிபதி டிமோதி பிளாக் இடைக்கால உத்தரவு கொடுத்தார். அந்த உத்தரவைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒஹாயோ தானே செய்துவைக்காத திருமணங்களை, உதாரணமாக உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு இடையே வெளியூரில் நடந்தவற்றை, காலங்காலமாக ஏற்றுவருகிறதே, இவர்களை மட்டும் எந்த நியாயத்தில் ஒதுக்குகிறது என்று கேட்டிருந்தார்.

நீதிபதிக்கு என் அம்மா அப்பாவைத் தெரியாது. ஆனால் அவர்களைப் போன்றவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றித்தான் ஜிம்முக்கு நியாயம் சொன்னார்.

அக்டோபர் 22 அன்று ஜான் இறந்தார். சான்றிதழில் ஜிம்மின் பெயர் வந்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 நவம்பரில் அரசின் பக்கம் நின்றது. எழுதிய பெயரைக் கட்டத்திலிருந்து அழிக்க ஓர் அரசாங்கம் இவ்வளவு மெனக்கெட்டது. 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், எல்லா மாநிலங்களும் தன்பாலினத் திருமணத்தைச் செய்துவைக்கவும் வேண்டும், வெளியே நடந்ததை அங்கீகரிக்கவும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

*

கதை இங்கே சுபமாக முடிந்துவிடுகிறது. கேள்வி முடியவில்லை.

அந்த வழக்கில் நீதிமன்றம் எடுத்துக்கொண்டவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒன்று, ஒரு மாநிலம் இத்திருமணத்தை நடத்திவைத்தே ஆக வேண்டுமா? இரண்டு, வேறு மாநிலத்தில் நடந்ததை அங்கீகரித்தே ஆக வேண்டுமா? ஏற்பது வேறு, அங்கீகரிப்பது வேறு. ஒஹாயோ என் பெற்றோரின் கல்யாணத்தை நல்லது என்று ஏற்கவில்லை. நடந்தது என்று அங்கீகரித்தது.

என் தொழிலில் இதைச் சுலபமாகச் சொல்லலாம். ஒரு டேட்டாபேஸில் எழுத எல்லோருக்கும் அனுமதி தர வேண்டியதில்லை. ஆனால் ஓரிடத்தில் முறையாக எழுதப்பட்ட ஒரு பதிவை இன்னோர் இடத்தில் படிக்கவே மாட்டேன் என்று ஒரு சிஸ்டம் அடம்பிடித்தால், அங்கே ஒரு மனிதர் காணாமல் போகிறார். எழுதுவது விருப்பம், படிப்பது கடமை. பல வருடம் நான் இந்த இடத்தில்தான் நின்றேன். சமரசமாகவும் இருந்தது, நியாயமாகவும் தோன்றியது.

எதிர்த் தரப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2004இல் ஒஹாயோவில் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் அந்தத் தடையை ஆதரித்தார்கள். அதே வருடம் மே 17 அன்றுதான் மாசசூசெட்ஸ், அமெரிக்காவில் முதல் மாநிலமாக, தன்பாலினத் திருமணங்களை நடத்தத் தொடங்கியது. 'மாசசூசெட்ஸ் எடுத்த முடிவு எங்கள் ஊரில் ஏன் செல்ல வேண்டும்? ஒரு மாநிலம் கதவைத் திறந்தால் மீதி எல்லோருக்கும் கதவே இல்லாமல் போகுமே' என்று ஒஹாயோக்காரர் கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மாநில உரிமை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது புரியாமல் இல்லை. 2015 தீர்ப்பில் மாறுபட்ட தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸின் வாதமும் ஏறத்தாழ இதுதான். மக்கள் பேசித் தீர்க்க வேண்டியதை நீதிபதிகள் பறித்துக்கொண்டார்கள் என்றார்.

சாசனத்திலும் நேரான விடை கிடையாது. மற்ற மாநிலங்களின் சட்டங்களுக்கும் பதிவேடுகளுக்கும் தீர்ப்புகளுக்கும் ஒவ்வொரு மாநிலமும் முழு நம்பிக்கை தர வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. ஆனால் நடைமுறையில் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குத்தான் அந்த உறுதி இரும்பாக இருக்கிறது. ஜார்ஜியாவில் ஒரு பெண், தன் இணையர் பெற்ற பிள்ளைகளை நீதிமன்றம் வழியாகத் தத்தெடுத்தார். அதை அலபாமா ஏற்க மறுத்தபோது, 2016இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அலபாமாவைத் திருத்தியது. காரணம், தத்து ஒரு தீர்ப்பு. திருமணம் தீர்ப்பு இல்லை. நீதிபதி விசாரித்துக் கொடுப்பதல்ல, இரண்டு பேர் தாங்களாகச் செய்துகொள்வது. அதனால் அதற்குப் பாதுகாப்பு குறைவு. 'எங்கள் பொதுக்கொள்கைக்கு விரோதம்' என்று சொல்லி ஒரு மாநிலம் அதை ஒதுக்கிவிட முடிந்தது.

ஆனாலும் ஒஹாயோக்காரரிடம் ஒன்று சொல்வேன். செய்துவைக்க மறுப்பதும் செய்ததை மறுப்பதும் ஒரே அளவுத் தீங்கு இல்லை. முதலாவது, ஒன்றைக் கொடுக்காமல் இருப்பது. இரண்டாவது, இருப்பதைப் பிடுங்குவது. 2015 வழக்கில் இருந்த ஒரு ராணுவ வீரர், ஆப்கானிஸ்தானுக்குக் கிளம்பும் முன் நியூயார்க்கில் தன் காதலரை மணந்தார். திரும்பி வந்ததும் ராணுவம் டென்னஸிக்கு மாற்றியது. மாற்றல் உத்தரவு ஒன்று, கூடவே விவாகரத்தையும் கொண்டுவந்துவிட்டது. டென்னஸி அவருக்கு எதையும் கொடுக்க மறுக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. கையில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டது.

இது புதுசும் இல்லை. 1958இல், ஒஹாயோ மஸ்ஸோலினி தம்பதியை ஏற்ற அதே வருடத்தில், ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளையரும் மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண்ணும் வாஷிங்டன் டி.சி. போய் மணந்து வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். கைது செய்தார்கள். மாநிலத்தை விட்டு 25 வருடம் வெளியேறினால் சிறை இல்லை என்றது தீர்ப்பு. 1967இல்தான் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. வர்ஜீனியாவுக்கும் தன் பொதுக்கொள்கை என்று ஒன்று இருந்தது. அதையும் மக்களின் பிரதிநிதிகள்தான் இயற்றினார்கள்.

*

2022 ஜூனில், கருக்கலைப்பு உரிமையை நீக்கிய டாப்ஸ் தீர்ப்பில், நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய குறிப்பில் ஓபர்கெஃபெல் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். பயந்துபோன நாடாளுமன்றம் அந்த டிசம்பரிலேயே திருமண மதிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1996 சட்டம் முழுதாகப் போனது. புதிய சட்டத்தின்படி, நாளைக்கு ஓபர்கெஃபெல் விழுந்தாலும், ஒரு மாநிலத்தில் நடந்த திருமணத்தை மற்ற மாநிலங்கள் அங்கீகரித்தாக வேண்டும். ஆனால் அவை தாங்களே நடத்திவைக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை.

அதாவது நான் சொன்ன அதே சமரசம். படிக்கும் கடமை உண்டு, எழுதும் கடமை இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஏனென்றால் அந்த விமானம் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. ஜிம்முக்குப் பணம் போடச் சொந்தமும் நண்பர்களும் இருந்தார்கள். அது இல்லாதவர் என்ன செய்வார்? லீவு கிடைக்காத கடைப் பணியாளர், கார் இல்லாதவர், படுக்கையை விட்டு நகர முடியாத நோயாளி? 'வெளியூரில் செய்துகொண்டு வா, ஒத்துக்கொள்கிறோம்' என்பது டிக்கெட் எடுக்க வசதி உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் நியாயம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தம்பதியைத் தம்பதி என்று ஒத்துக்கொண்டாயிற்று. வரிப் படிவத்தில், வாரிசுரிமையில், கல்லறையில்கூட ஒத்துக்கொண்டாயிற்று. அதற்குப் பிறகும் 'எங்கள் ஊரில் மட்டும் நடக்கக் கூடாது' என்றால் அந்த மறுப்பில் மிச்சமிருப்பது என்ன? சமூகம் கெட்டுவிடும் என்ற வாதம் போய்விட்டது, அவர்கள் இங்கேதானே வாழப்போகிறார்கள். குழந்தைகள் என்ற வாதமும் போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: 'என் கண்ணு முன்னாடி வேண்டாம்.'

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சொன்னது நான்.

*

என்னோடு இன்ஜினியரிங் படித்தவன் ஒருவன். திருநெல்வேலிக்காரன். அவனும் ஒஹாயோவுக்கு வந்தான். 2018இல் அங்கேயே ஓர் அமெரிக்கரைக் கல்யாணம் செய்துகொண்டான். நான்தான் சாட்சியாகப் பக்கத்தில் நின்றேன். ஜிம்மும் ஜானும் விமானம் ஏறிப் போக வேண்டியிருந்த அதே மாநிலத்தில், இவர்கள் அரை மணி நேரம் கார் ஓட்டிப் போய் முடித்துவிட்டு வந்தார்கள். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

2023 தை மாதம் மதுரையில் என் தங்கைக்குக் கல்யாணம். வீட்டில் பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தோம். நம்மூர் வழக்கம் தெரியும்தானே, குடும்பத்துக்கு ஒரு கவர். தனிக்கட்டைகளுக்குத் தனித்தனிக் கவர். லிஸ்டில் அவன் பெயர் வந்ததும் அம்மா பேனாவை நிறுத்தினாள்.

"ஏய்யா, அவந்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு சொன்னியே. ஒரே கவரா, ரெண்டு கவரா?"

"ரெண்டு கவர்லயே போடும்மா. எதுக்கு வம்பு."

"கல்யாணம் ஆயிருச்சின்னா ஆயிருச்சுதான?"

"சொந்தக்காரங்க என்ன நெனைப்பாங்கம்மா."

அம்மா பேசாமல் இரண்டு கவர் எடுத்தாள். பத்தாம் வகுப்பு தாண்டாத அம்மா, 1958இல் ஒஹாயோ நீதிபதிகள் எழுதியதை அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அமெரிக்கச் சட்டமெல்லாம் படித்த நான் 'பொதுக்கொள்கைக்கு விரோதம்' என்று சொல்லித் தள்ளுபடி செய்தேன். அவன் தங்கை கல்யாணத்துக்குத் தனியாக வந்தான். மொய் எழுதினான், பந்தியில் பரிமாறினான், யாரோ ஒரு பெரியப்பா "உனக்கு எப்ப தம்பி?" என்று கேட்டதற்குச் சிரித்தான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதே வருடம் அக்டோபர் 17 அன்று நம் உச்ச நீதிமன்றம் சுப்ரியோ வழக்கில், திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொன்னது. வெளிநாட்டில் நடந்த தன்பாலினத் திருமணங்களுக்கும் அதில் வழி பிறக்கவில்லை. அவன் விமானத்தில் சென்னைக்கு வரும்போதெல்லாம், நடுவில் எங்கேயோ ஒரு கோட்டில், அவன் மறுபடியும் பிரம்மச்சாரி ஆகிறான். திரும்பிப் போகும்போது கல்யாணமானவன் ஆகிறான். அந்தக் கோட்டை நான் போடவில்லை. அதை மாற்ற என்னால் ஆகாது. ஆனால் எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு கோடு இருந்தது. அது நான் போட்டது.

அதற்கு எந்த நாடாளுமன்றமும் கூட வேண்டியதில்லை. சட்டம் வரட்டும் என்று காத்திருந்ததாக நான் சொல்லிக்கொள்ளலாம், நம்புவார்கள். உண்மை அதில்லை. எனக்கு அவன் கல்யாணத்தில் ஆட்சேபமே கிடையாது. என் ஊரில், என் சொந்தத்துக்கு முன்னால் வேண்டாம் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒஹாயோகூட என் அம்மா அப்பாவிடம் அப்படி நடந்துகொள்ளவில்லை.

வருகிற ஆவணியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம். போன வாரம் உட்கார்ந்து கவர் எழுதினேன். ஒரு கவர், இரண்டு பெயர். 'திரு & திருமதி' என்று கை தானாக ஆரம்பித்துவிட்டது, கிழித்துவிட்டு வேறு எடுத்தேன். தபாலில் போடும் முன் அவனுக்கு போன் செய்தேன்.

"ரெண்டு பேரும் வரணும்டா. சேந்து" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்:

"அவனுக்கு ஆகஸ்ட்ல லீவு குடுப்பாங்களான்னு தெரியலடா. கேட்டுட்டுச் சொல்றேன்."